ஊன்றுகோலும் ஒரு வரவே



கோயில் மண்டபத்தில் ஒருவரையொருவர் காணும்போது "எப்பிடிச் சுகம்?" என்று கேட்பதும், "ஏதோ போகுது" என்று பதில் சொல்வதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த "ஏதோ" என்ற சொல்லுக்குள் எவ்வளவோ அடங்கிக் கிடக்கிறது.

ரொறன்ரோவில் ஒரு தை மாத நாளை எடுத்துக்கொள்வோம். இரவெல்லாம் பனி கொட்டியிருக்கும். குளிரில் பற்றறி இறங்கி, கார் கிளம்பாது. ஓடிப்போனால் பஸ் கண்முன்னே புறப்பட்டுவிடும். வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்குவோம். மாலையில் வீட்டுக்கு வந்தால் சோறு அடிப்பிடித்துவிடும். சாமியறையில் சாம்பிராணி காட்டினால் புகைமணி அலறும். "இண்டைக்கு ஒண்டும் சரிவரேல்லை" என்று சொல்லிக்கொண்டு படுக்கைக்குப் போகிறோம். இப்படிப்பட்ட நாளில் இறைவனுக்கு நன்றி சொல்ல முடியுமா? சொன்னாலும் அது உதட்டளவு நன்றியாகிவிடாதா?

இதற்கு விடை காண, சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றில் ஒரு பகுதியை நினைவுகூர்வோம். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சபதம் செய்த சுந்தரர், திருவாரூர் நினைவு மேலிட, அந்த ஊர் எல்லையைக் கடந்தார். கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலில் இருக்கிறீரா என்று இறைவனைக் கேட்டார். இருக்கிறோம், நீர் போம் என்ற பதிலோடு கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டுமே!

கேட்டது கண். கிடைத்தது கோல். தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவருக்கே இவ்வளவுதானா என்று யாருக்கும் தோன்றும். சுந்தரரும் தம் மனத்தாங்கலை மறைக்கவில்லை. இறைவனிடம் முறையிட்டும் உரிமையோடு ஏசியும் அவர் பாடியவை ஏழாந் திருமுறையாக இன்றும் எம் சந்நிதிகளில் ஓதப்படுகின்றன. ஆகவே இறைவனிடம் குறை சொல்வது சைவத்தில் குற்றமாகாது.

ஆனால் சுந்தரர் அவ்விடத்திலேயே உட்கார்ந்துவிடவில்லை. கிடைத்த கோலை ஊன்றி நடந்தார். காஞ்சியில் ஏகம்பநாதர் இடக்கண்ணைக் கொடுத்தார். வலக்கண் திருவாரூரில் கிடைத்தது. கோல் முதலில், ஒரு கண் பிறகு, மறு கண் அதற்கும் பிறகு. திருவருள் சில வேளைகளில் இப்படித் தவணை முறையில்தான் வருகிறது. முதல் தவணையை அற்பம் என்று தள்ளியிருந்தால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியுமா?

இந்தத் திருவெண்பாக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தினால் பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று. சுவாமியை வேறிடத்துக்குக் கொண்டுவந்து புதிதாகக் கோயில் எழுப்பினார்கள். ஊன்றுகோல் கொடுத்த பெருமானே இடம்பெயர்ந்து வாழ்கிறார் என்பதைக் கேட்கும்போது, ஊர்விட்டு வந்த எங்கள் நெஞ்சுக்கு ஓர் ஆறுதல்.

கணக்கெழுதும் தொழிலில் உள்ள நாம் இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். செலவை மட்டும் பதிந்து வரவைப் பதியாமல் விட்ட ஏட்டை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார். கார் கிளம்பவில்லை என்பது செலவு. முன்பின் பேசியிராத பக்கத்து வீட்டுக்காரர் தன் வயரைக் கொண்டுவந்து மாட்டிக் காரைக் கிளப்பிவிட்டார் என்றால் அது வரவு. சோறு அடிப்பிடித்தது செலவு. மேற்சோற்றைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டது வரவு. புகைமணி அலறியது செலவு. அலற ஒரு வீடும், அதற்குள் ஒரு சாமியறையும் இருப்பது வரவு. வரவைப் பதிவதால் செலவு அழிந்துவிடாது. நட்டம் நட்டமாகவே இருக்கும். ஆனால் ஏடு உண்மையாக இருக்கும்.

வீட்டையும் காணியையும் உறவுகளையும் இழந்து வந்தவர்களிடம் நன்றியைப் பற்றிப் பேசுவது எளிதல்ல என்பதை அறிவோம். சில இழப்புகளுக்கு ஈடாக எழுத எந்த வரவும் கிடையாது. அந்தப் பக்கத்தை வெறுமையாகவே இறைவன் முன் வைப்போம். அந்தப் பெருந்துயரை ஒவ்வொரு நாளின் சிறு தொல்லையோடும் சேர்த்துச் சுமக்காமல் இருந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

ஆகவே இன்றிரவு படுக்குமுன் திருநீறு பூசி, ஐந்தெழுத்தை ஓதியபின், ஒரு நிமிடம் இருந்து, "இன்று எனக்கு எந்தக் கோல் கிடைத்தது? யார் கையால் கிடைத்தது?" என்று கேட்டுப் பார்ப்போம். அந்தக் கைக்குரியவர் அருகில் இருந்தால், மறுநாள் ஒரு வார்த்தை நன்றி சொல்வோம். பிள்ளைகளையும் இப்படிக் கேட்கப் பழக்குவோம்.

கோலூன்றி நடப்போருக்குக் கண்ணொளி தரும் எம்பெருமான் எல்லோருக்கும் அருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.