வானூர்திக்கு நெல்லா?

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்ற சபுராளிகளின் பேரர்கள் இன்று திருச்சியில் விமானம் ஏறுகின்றனர், ஹஜ்ஜுக்கும் விமானமே. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் பசுமை எரிபொருளை 2027இல் 1, 2028இல் 2, 2030இல் 5 விழுக்காடு கலப்பதென மத்திய அரசு இலக்குக் குறித்துள்ளது. வரவேற்கிறோம். ஆயினும் இலக்கு சட்டமாகுமுன் ஒன்றைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்: அதை எதிலிருந்து எடுப்பது? எத்தனாலிலிருந்து விமான எரிபொருள் செய்யலாம். எத்தனாலோ அரிசியிலிருந்தும் வடிக்கப்படுகிறது! ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் உணவுப் பயிரை இதற்கு ஏற்பதில்லை. காவிரிப் படுகையில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தமிழகச் சட்டம் 2020இல் தடுத்தது. வயலைக் காத்துவிட்டு விளைச்சலை எரிப்பது வீண்விரயம் அன்றோ? வைக்கோலை எடுக்கலாம் என்பர்; மாட்டின் பங்கு போக மிஞ்சினால் எடுக்கட்டும். பயணச்சீட்டின் விலை கூடுமெனின் பறக்கும் நாமே கொடுப்போம். விமானத்தில் கால் வைத்தறியாத நடவுப் பெண் அதை அரிசி விலையில் கொடுக்கலாகாது.