கின்சி வீதிக்குப் பிறகு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் அடங்கிவிடும். அம்மா விடியற்காலையில் தேநீரோடு எழுப்புவார். ரியூசன் முடியும்வரை அப்பா வீதியோரம் காத்து நிற்பார். எல்லாம் பிள்ளை மருத்துவ பீடத்துக்குள் நுழைவதற்காகத்தான்.

1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரிதான் இன்று கின்சி வீதியில் மருத்துவ பீடமாக நிற்கிறது. அந்த வாசலைப் பிள்ளை தாண்டியதும் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அங்கேதான் பிழை விடுகிறோம். ஐந்து ஆண்டுப் படிப்பு, நியமனத்துக்கான காத்திருப்பு, பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. கையைப் பிடித்தே கூட்டித்திரிந்த பிள்ளை, நள்ளிரவு வாட்டில் ஒரு தாயிடம் கெட்ட செய்தியைச் சிங்களத்தில் சொல்ல வேண்டிவரும். அதற்கு எந்த ரியூசனும் இல்லை. தனியே பஸ்ஸில் போகவும், அயலவரோடு பேசவும், தோற்றால் வீட்டில் வந்து சொல்லவும் விட்ட பெற்றோரே அந்த இரவுக்குப் பிள்ளையை ஆயத்தமாக்கியவர்கள். எந்தத் துறையில் நிபுணராவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

கடமை முடிந்து களைத்து வரும் பிள்ளையிடம் பரீட்சைப் புள்ளியை விசாரிக்காதீர்கள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.