குலக்குறியும் நிலக்கரியும்

சமயம் என்பது ஒரு சமூகம் தன்னையே வணங்கும் வழி என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட 'சமய வாழ்வின் அடிப்படை வடிவங்கள்' என்ற நூலில் வாதிட்டார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி, அங்கே ஒருமுறையேனும் போகாமல், பிறர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டே அவர் கட்டிய அந்த வாதத்தின் நடுவில் இருப்பது குலக்குறி, அதாவது ஒரு குலம் தனக்கு உரியதெனக் கொள்ளும் விலங்கு, செடி அல்லது அவற்றின் உருவம் பொறித்த பொருள். அக்குறியைச் சுற்றிக் கூடி ஆடும்போது தனி ஒருவருக்கு இல்லாத வலிமை தம்முள் பாய்வதைக் குலத்தார் உணர்கிறார்கள் என்றும், அந்தக் கூட்டுப் பரவசத்தின் ஊற்று தாங்களே என்பதை அறியாமல் அதற்குத் தெய்வம் என்று பெயரிடுகிறார்கள் என்றும் அவர் கண்டார். இது மெய்யானால், தெய்வம் என்ற சொல்லுக்கே வேலையில்லாத இடத்திலும் சமயம் பிறக்க வேண்டும். ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில், கெல்சன்கிர்ஷென் நகரைச் சேர்ந்த ஷால்க்கே என்ற பேட்டையில் தோன்றிய கால்பந்துச் சங்கம், இக்கருத்தை உரைத்துப் பார்க்க ஏற்ற கல்.

தொழில் பழகுநரான இளைஞர் சிலர் 1904இல் வெஸ்ட்ஃபாலியா ஷால்க்கே என்ற பெயரில் தொடங்கிய சங்கமே பின்னாளில் ஷால்க்கே 04 ஆயிற்று. அந்தப் பேட்டையின் வாழ்வு கொன்சோலிடாட்சியோன் என்ற சுரங்கத்தைச் சுற்றி அமைந்திருந்தது. அதில் இறங்கியவர்களில் பலர் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியா ஏரி நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் பேசியது போலிஷ் மொழியின் கிளைவழக்கு, ஆனால் போலந்துக்காரரைப் போல அவர்கள் கத்தோலிக்கர் அல்லர், சீர்திருத்தத் திருச்சபையினர். பிரஷ்ய மன்னரிடம் விசுவாசம் கொண்டவர்கள், ஆனாலும் ரூரின் பழைய குடிகளுக்கு அவர்கள் வெறும் 'போலாக்குகள்'. வணக்கத்துக்கு முன்னரே ஆயத்தமாக இருந்த குலம் எதுவும் அங்கே இல்லை, சங்கமே தனக்கான குலத்தைச் சமைத்துக்கொண்டது. அதன் ஆட்டக்காரர்களுக்கு வழங்கிய பெயர் 'க்னாப்பன்', சுரங்கத் தொழிலாளரைக் குறிக்கும் பழைய சொல். சுரங்க நிர்வாகம் குத்தகைக்குத் தந்த நிலத்தில் 1928இல் திறக்கப்பட்ட மைதானம் 'க்ளூக்கவுஃப்' என்ற வாழ்த்தைப் பெயராகப் பெற்றது. நிலத்தடிக்குப் போகுமுன் ஒருவருக்கொருவர் சொல்லும் அச்சொல்லில், கனிமத் தடம் திறக்கட்டும் என்பதும் உயிரோடு மேலே வரட்டும் என்பதும் சேர்ந்து கேட்கும்.

இந்தச் 'சுரங்கத்தார்' அணியின் ஆட்டக்காரர் பலருக்குச் சுரங்கம் தந்தது இலகுவான வேலைகளே என்பதையும், கரி வெட்டும் பாட்டிலிருந்து அவர்கள் பெரிதும் விலக்குப் பெற்றிருந்தார்கள் என்பதையும் வரலாற்றாசிரியர்கள் சுட்டியிருக்கிறார்கள். இது துர்கைமின் கருத்தைக் குலைப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் அதற்கு வலுச் சேர்க்கிறது. கங்காருவைக் குறியாகக் கொண்ட குலத்தார் கங்காருவைப் போல இருப்பதில்லை. குறி என்பது குலத்தின் நிழற்படம் அல்ல, குலத்தார் ஒன்றுகூடுவதற்கான சாக்கு. 1930இல் ஆட்டத்துக்கு விதி அனுமதித்த தொகையைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்ததற்காக முதல் அணி முழுவதும் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவிக்கப்பட்டு விலக்கப்பட்டது. அந்த அவமானத்தில் சங்கத்தின் நிதிப் பொறுப்பாளர் தற்கொலை செய்துகொண்டார். தடை நீங்கி 1931 ஜூனில் ட்யூசெல்டார்ஃப் அணியோடு நடந்த ஆட்டத்தைக் காண 70,000 பேர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. உழைப்பவன் நாலு காசு கூடுதலாகப் பெறுவதைக் குற்றமென்ற மேட்டுக்குடி அமெச்சூர் ஒழுக்கத்துக்கு ஒரு பேட்டை திரண்டு தந்த மறுமொழி அது. கூட்டுப் பரவசம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று துர்கைமின் நூலிலும் கிடைப்பது அரிது.

சிக்கல் எழுவது இதற்குப் பிறகுதான். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்த யூதப் பல்மருத்துவர் பொறுப்பை விட்டு விலக நேர்ந்தது. 1934இல் எர்ன்ஸ்ட் குசோராவும் ஃப்ரிட்ஸ் செபானும் கடைசி நிமிடங்களில் அடித்த கோல்களால் அணி முதன்முறையாக ஜெர்மன் வாகை சூடியபோது, அந்த வாகை போலந்துக்காரர் கைக்குப் போய்விட்டதாக ஒரு போலிஷ் ஏடு எழுத, ஆட்டக்காரர்களின் பெற்றோர் அனைவரும் ஜெர்மானிய மண்ணில் பிறந்தவர்களே என்று சங்கம் மறுப்பு வெளியிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் வந்தேறிகள் என்று இகழப்பட்டவர்கள், மண்ணின் மைந்தர் என்பதற்குச் சான்றுகளை அடுக்கினார்கள். 1942க்குள் அணி ஆறு முறை வாகை சூடியது. அவ்வாண்டுகளில்தான், 1938இல், செபான் யூதர்களின் துணிக்கடை ஒன்றை மலிவு விலைக்கு வாங்கினார். அதன் உரிமையாளர்கள் பின்னர் ரீகாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

தன்னையே வணங்கும் சமூகம் தவறு செய்தால் அதைத் தவறென்று யார் சொல்வது? எபிரேயத் தீர்க்கதரிசிகளின் மரபு இக்கேள்விக்கு வைத்திருக்கும் விடை தெளிவானது: மக்களுக்கு மேலே, மக்களையே குற்றக் கூண்டில் நிறுத்தக்கூடிய ஒருவர் இருக்கிறார், அவர் இடத்தில் மக்களையே வைப்பதுதான் விக்கிரக வழிபாடு. துர்கைமிடம் விடையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. சமூகம் தான் எப்படி இருக்கிறதோ அதை மட்டுமல்ல, தான் எப்படி இருக்க வேண்டுமென்று எண்ணுகிறதோ அந்த இலட்சியத்தையும் சேர்த்தே வணங்குகிறது என்று அவர் எழுதினார். ஷால்க்கே சங்கம் 1994இல் இனவெறிக்கு எதிரான விதியைத் தன் சட்டதிட்டத்தில் சேர்த்ததும், தன் நாஜிக் கால வரலாற்றை ஆராயச் செய்து 2005இல் நூலாக வெளிவரச் செய்ததும், புதிய அரங்கையொட்டிய வழிக்குச் செபானின் பெயரிடும் யோசனை கைவிடப்பட்டதும் அவர் பக்கத்துச் சான்றுகளே. எனினும் அந்தத் தன்னாய்வு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும், அது தேவைப்பட்ட நாளில் மைதானத்தில் பரவசத்துக்கு மட்டும் குறைவில்லை என்பதையும் மறுக்க இயலாது. பரவசம் மெய், ஆனால் அதற்குக் கண் இல்லை.

இன்று கேள்வி வேறு முனையிலிருந்தும் எழுகிறது. ஜெர்மனியின் கடைசிக் கடின நிலக்கரிச் சுரங்கம், அருகிலுள்ள போட்ராப் நகரில், 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தோண்டியதால் தாழ்ந்துபோன நிலத்தில் நீர் தேங்காதபடி முடிவில்லாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அந்த வேலைக்கு ஜெர்மன் நிர்வாக மொழியே 'நித்தியப் பணிகள்' என்று பெயர் வைத்திருக்கிறது. குமாஸ்தாக்கள் அறியாமலே இறையியலுக்குள் கால் வைத்த இடம் இது. ஷால்க்கே அரங்கில் ஆட்டக்காரர் வெளிவரும் வழி சுரங்கப் பாதை போல ஒப்பனை செய்யப்பட்டிருக்கிறது, ஆட்டத்துக்கு முன் சுரங்க மேஸ்திரியின் பழைய பாட்டு ஒலிக்கிறது, பாடுவோரில் பலர் ஒருநாளும் நிலத்தடியில் இறங்காதவர்கள். குலம் போய்விட்டது, குறி நிற்கிறது. சுரங்கத்தாரின் காவலரான புனித பார்பராவிடம் வேண்டியவர்கள் தங்களைத் தாங்களே வேண்டிக்கொள்ளவில்லை. விஷவாயுவும் பாறைச் சரிவும் சமூகத்தால் தடுக்கக்கூடியவை அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அச்சம் நீங்கிய பின் எஞ்சியது ஒன்றுகூடுதல் மட்டுமே என்றால் துர்கைம் வென்றார். ஆனால் அரங்கத்துக்குள் 2001இல் ஒரு சிற்றாலயம் கட்டப்பட்டு அங்கே திருமுழுக்கும் திருமணமும் நடப்பதும், விசிறிகளுக்கென்று 1904 கல்லறைகள் கொண்ட இடுகாடு ஒதுக்கப்பட்டிருப்பதும், பிறப்பையும் சாவையும் குறியால் மட்டும் ஏந்த முடியவில்லை என்பதைக் காட்டுகின்றன. 2001இல் ஷால்க்கேயினர் ஏறக்குறைய நான்கு நிமிடம் வாகையர் என்று களித்தபின் ஹாம்பர்க்கில் பயேர்ன் அணி அடித்த கோலால் எல்லாம் பறிபோனபோது, மேலாளர் ரூடி அசாவர் கால்பந்துக் கடவுள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்றார். விவிலியத்தின் யோபு கடவுளிடம் வைத்த முறையீடு போலத் தொடங்கினாலும் அது யோபுவிடம் போய்ச் சேரவில்லை, ஏனெனில் இங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

சீர்திருத்தச் சபையினரான மசூரியர் வேரூன்றிய இந்தச் சங்கம், 1987இல் தன் அப்போதைய அரங்கில் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலைக் கௌரவ உறுப்பினராக்கியது. ஷால்க்கேயின் புனித சூசையப்பர் கத்தோலிக்க ஆலயத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. அதில் இளைஞரின் காவலரான புனித அலோசியஸ் கால்பந்துக் காலணியும் நீல வெள்ளைக் காலுறையும் அணிந்து பந்தோடு நிற்கிறார். சங்கத்தின் நிறம் அவர் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.