சவுரியும் குஞ்சலமும்

நிக்காஹுக்குப் பட்டு எடுப்பதென்றால் காஞ்சிபுரத்தை நாடிச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. கடையின் வெள்ளை விரிப்பில் சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிகின்றன. அவற்றுள் ஒன்றை மணப்பெண்ணின் தோளில் சாத்தி, நிலைக்கண்ணாடியின் முன் நிறுத்துகிறார்கள். சுற்றி நிற்போர் கரையைப் பார்க்கின்றனர், முந்தானையைப் பார்க்கின்றனர். பெற்றவளின் கை மட்டும் மகளின் பின்னலைத் தேடிச் செல்கின்றது. ஈராண்டுகளுக்கு முன் கைப்பிடிக்கு அடங்காதிருந்த பின்னல் இன்று சுண்டுவிரல் பருமனாய் மெலிந்து கிடக்கின்றது. "சவுரி வைத்துப் பின்னிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று உடன் வந்த மாமி ஒருத்தி தாழ்ந்த குரலில் சொல்கிறாள்.

யாருக்குத் தெரியப் போகிறது? இந்த ஒரு வினாவை முன்வைத்தே நாம் சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

இது பெண்களுக்கு மட்டும் உரிய துயரன்று. ஆண்மக்களும் நாள்தோறும் காலையில் கண்ணாடியின் முன் இதே போராட்டத்தை நடத்துகின்றனர். சீப்பு ஒருமுறை வலப்பக்கம் செல்லும்; ஒருமுறை இடப்பக்கம் செல்லும். நேற்று நெற்றியை மறைத்த முடி இன்று மறைக்க மறுக்கும். வகிடு நாளுக்கு நாள் காதை நோக்கி இறங்கும். பத்து நிமிடம் பாடுபட்டு அமைத்ததைத் தெருமுனைக் காற்று ஒரு நொடியில் கலைத்துவிடும். 'கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கூந்தல் குறைந்தவள் என்ன செய்வாள் என்பதை அப்பழமொழி சொல்லாமலே விட்டுவிட்டது.

முடி உதிர்வதெல்லாம் ஓர் இலக்கிய ஏட்டில் எழுதத்தக்க பொருளா என்று சிலர் நகைக்கலாம். பொருள் சிறியதுதான். ஆனால் அது நாள்தோறும் நிகழ்வது. பெருந்துன்பம் வாழ்வில் எப்போதோ ஒருமுறை வந்து நம்மைச் சோதிக்கின்றது. சிறு துன்பமோ ஒவ்வொரு விடியலிலும் வந்து நம்மைப் பழக்குகின்றது. கண்ணாடியின் முன் கழியும் அந்தப் பத்து நிமிடத்தில் நாம் நன்றியைப் பழகுகின்றோமா, முறையீட்டைப் பழகுகின்றோமா? உண்மையைப் பழகுகின்றோமா, மறைப்பைப் பழகுகின்றோமா? சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.

முதலில் அறிவியல் கூறுவதை அறிவோம். மனிதனின் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது உடலின் இயல்பு. ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாலும் உடலில் சுரக்கும் ஆண் இயக்குநீராலும் வருவது. பெண்களுக்கோ இரத்தசோகை, தைராய்டுக் குறை, பிள்ளைப்பேறு எனப் பல காரணங்கள் உண்டு. கடுங்காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும் உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா கண்டு மீண்டவர் பலர் இதனை நேரில் கண்டனர். அவர்களில் பெரும்பாலோருக்கு முடி மீண்டும் வளர்ந்தது. ஆண்டுக்கணக்கில் இறுக்கி இழுத்துப் பின்னுவதாலும் முன்னெற்றி முடி உதிரும். ஆகவே, முடி மெலிகிறதென்றால் முதலில் நாட வேண்டியவர் மருத்துவர். நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள். இரத்த அழுத்தத்திற்கெனப் பிறந்த மினாக்சிடில் என்னும் மருந்து முடியையும் வளர்க்கின்றதெனக் கண்டு, 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அதனை அனுமதித்தனர். ஆயினும் அதனை நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். மருத்துவத்திற்கு ஓர் எல்லை உண்டு. நம் வினா அந்த எல்லைக்கு அப்பால் தொடங்குகின்றது.

மருந்து கைவிடும் இடத்தில் மனிதன் மறைப்பைக் கையாள்கின்றான். உரோமை ஆட்டிப் படைத்த ஜூலியஸ் சீசர் பின்தலை முடியை முன்னால் இழுத்து வாரினாரென்றும், வெற்றிவாகை மாலையை எந்நேரமும் தலையில் சூடும் உரிமையைப் பெருமகிழ்ச்சியோடு ஏற்றாரென்றும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளனர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு தந்தையும் மகனும், ஓரத்து முடியை நீள வளர்த்து மூன்று பங்காக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வாரி வழுக்கையை மூடும் முறைக்கு 1977ஆம் ஆண்டு அரசின் காப்புரிமையே பெற்றனர்! உலகை வென்றவரும் தம் தலையை வெல்ல முடியாது திகைத்தனர் என்பதைக் காணும்போது, கண்ணாடியின் முன் திகைக்கும் நம் அண்டை வீட்டுக்காரரை எள்ளி நகையாட மனம் வரவில்லை.

நம்மவர்க்கு இதில் ஒரு கூடுதல் இடர் உண்டு. அது உளூ. காலையில் அரும்பாடுபட்டு அமைத்த முடி, லுஹருக்கு உளூச் செய்து ஈரக் கையால் தலையைத் தடவியதும் கலைந்துவிடுகின்றது. கலையக்கூடாதென்று ஓரத்தில் மட்டும் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு வருவோரும் உண்டு. சட்டப்படி அது நிறைவேறலாம். ஆனால் தலை முழுவதையும் தடவுவதே நபிவழி என்றிருக்க, இறைவன் முன் நிற்கச் செல்லும் வேளையிலும் மனிதர் பார்வையை அஞ்சி விரல் தயங்குகிறதே! அங்கேதான் நம் நெஞ்சு சற்று உறுத்த வேண்டும்.

அப்படியாயின் தலைமுடியைப் பேணுவதே தவறா? இல்லை. முடி உள்ளவர் அதனைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அண்ணலார் (ஸல்) அவர்கள் தலைக்கு எண்ணெய் இட்டார்கள், வாரினார்கள். இஃதிகாஃப் இருந்த நாள்களிற்கூடப் பள்ளிவாசலிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கொடுக்க, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாரிவிட்டார்கள். ஆனால் அதே அபூதாவூதில் மற்றொரு செய்தியும் உண்டு. நாள் தவறாமல் தலை வாருவதையே வேலையாகக் கொள்வதை அண்ணலார் தடுத்து, நாள் விட்டு நாள் வாரச் சொன்னார்கள் என்பது அது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் விளங்கும். முடியைக் கண்ணியப்படுத்து, ஆனால் அதற்கு அடிமையாகாதே. சீப்புக்கு ஓய்வுநாள் கொடுத்த மார்க்கம் நம் மார்க்கம்.

முடியற்ற தலை இழிவுடையதன்று என்பதற்கும் சான்றுகள் பல. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழுக்கைத் தலையர். அவர்கள் ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்டதைக் கண்ட ஒருவர், அந்த வழுக்கைத் தலையரைக் கண்டேன் என்றே அன்போடு கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஹஜ்ஜில் முழுவதும் மழித்துக்கொண்டவர்களுக்காக அண்ணலார் மூன்று முறை இறைஞ்சிய பின்னரே, கத்தரித்துக்கொண்டவர்களுக்காக ஒருமுறை இறைஞ்சினார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கு ஏழாம் நாள் முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்கின்றோம். காஞ்சி நகரத் தெருக்களிலும், நேர்ச்சைக்கு முடி கொடுத்துச் சந்தனம் பூசிய தலையோடு செல்லும் நம் இந்து சகோதரர்களைக் காண்கின்றோம். அந்நகரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் கோயில் கொண்ட சமண நெறியின் துறவியரோ முடியைக் கையாலேயே பறித்துக்கொள்பவர்கள். தானே விரும்பிக் கொடுத்த தலைக்கு இச்சமயங்கள் மதிப்பளிக்கின்றன. தானாகப் போன தலைக்கு மட்டும் ஏன் வெட்கம்? நாம் கொடுத்தாலும் அவன் எடுத்தாலும் முடி அவனுடையதுதானே!

முடியை விரும்புவதும் பாவமன்று. பனூ இஸ்ராயீல் மக்களுள் குட்டரோகி, வழுக்கையர், குருடர் ஆகிய மூவரை இறைவன் சோதித்த வரலாற்றைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அழகிய முடி வேண்டும், மக்களின் அருவருப்பு நீங்க வேண்டும் என்றார் வழுக்கையர். வானவர் தடவ, முடி வந்தது. கருவுற்ற பசுவும் கிடைத்தது. கேட்டதற்காக இறைவன் அவரைக் கடியவில்லை. பின்னொரு நாள் அதே வானவர் ஏழையாய் வந்து உதவி கேட்டபோதுதான் அவர் தவறினார். தம் பழைய நிலையை மறைத்தார். எல்லாம் தம் முன்னோர் வழி வந்த செல்வம் என்றார். முடி வந்ததால் அவர் கெடவில்லை. பொய் வந்ததால் கெட்டார்.

இனி மாமியின் வினாவிற்கு வருவோம். ஏறத்தாழ அதே வினா மதீனாவில் எழுந்தது. அன்சாரிப் பெண்மணி ஒருவர் தம் மகளுக்கு மணம் செய்வித்திருந்தார். அம்மகள் நோயுற்று முடி உதிர்ந்துவிட்டது. ஒட்டுமுடி வைக்கும்படி அவளுடைய கணவர் கூறுவதாக அத்தாய் அண்ணலாரிடம் வந்து கேட்டார். கூடாது என்றே விடை கிடைத்தது. ஒட்டுமுடி வைப்பதைக் கண்டித்த கடுமையான நபிமொழிகளும் உள்ளன.

கேட்கும்போது நெஞ்சம் வலிக்கின்றது. நோயில் முடி இழந்த ஒரு மணப்பெண்ணுக்கா இத்தனை கண்டிப்பு என்று தோன்றுகின்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுமுடியைக் கேட்டது யார்? கணவர். இன்னொருவர் முடியைச் சுமந்தால்தான் நீ எனக்கு அழகு என்று சொன்ன அந்தக் கோரிக்கைக்குத்தான் மறுப்பு விழுந்தது. அம்மறுப்பை நாம் மகளின் மீது விழுந்த தண்டனையாகவே படித்துப் பழகிவிட்டோம். அவள் எப்படி இருக்கின்றாளோ அப்படியே அவளை ஏற்றுக்கொள் என்று மணமகனுக்கு இட்ட கட்டளையாக ஏன் படிக்கக் கூடாது?

மார்க்கம் கதவை முற்றும் அடைத்துவிடவுமில்லை. முடியோடு வேறு பொருளைச் சேர்ப்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பின்னலில் பட்டாலும் கம்பளியாலும் ஆன கயிறுகளைக் கட்டுவதில் குற்றமில்லை என்று ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) கூறியதை அபூதாவூத் பதிந்துள்ளார். முடியைப் போல் தோற்றமளிக்காத வண்ணப் பட்டு நூல்களைக் கட்டுவது தடுக்கப்பட்டதன்று; அது வெறும் அலங்காரமே என்று காழி இயாழ் (ரஹ்) கூறியதை இமாம் நவவீ (ரஹ்) தம் முஸ்லிம் விரிவுரையில் எடுத்தாண்டுள்ளார்.

வண்ணப் பட்டு நூல்! நம் தாய்மார் இதனை நன்கறிவர். சடையின் நுனியில் தொங்கும் குஞ்சலம் அதுதானே! சவுரியும் குஞ்சலமும் ஒரே பின்னலில்தான் சேர்கின்றன. இரண்டும் மெலிந்த பின்னலை நிறைவாக்குகின்றன. ஆனால் சவுரி, 'நான் இவளுடைய முடி' என்கிறது. குஞ்சலமோ, 'நான் பட்டு. இவளுக்கு அழகு செய்ய வந்தேன்' என்கிறது. சவுரி கண்டுபிடிக்கப்படுமோ என்று மணப்பெண் மேடையில் அஞ்சியிருக்க வேண்டும். குஞ்சலத்தை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அஞ்ச வைக்கும் அலங்காரம் சுமை. அஞ்சாத அலங்காரம் அருள்.

காஞ்சியின் நெசவாளருக்கு இவ்வேறுபாட்டை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்தி அதனைப் பிணைத்து மேலே நெய்கின்றார். அது பழுது பார்த்தல், அதில் வெட்கமில்லை. நல்ல சரிகை என்பது பட்டிழையின் மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. செம்பிழையிலும் செயற்கை இழையிலும் ஆன போலிச் சரிகையை, போலி என்று சொல்லி மலிவாக விற்றால் அதுவும் ஒரு வணிகமே. அசல் என்று சொல்லி விற்றால்தான் மோசடி. கச்சாப் பட்டிலும் ஒரு பாடம் உண்டு. சாயமிடுவதற்கு முன் அதனை வேகவைத்துப் பசையை நீக்குவர். அப்போது அதன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். அந்த இழப்பிற்குப் பிறகே பட்டுக்குப் பளபளப்பு வருகின்றது.

ஆகவே, மெலிந்த முடியை என்ன செய்வது? மருத்துவம் செய்யலாம். தன் முடியையே எடுத்துத் தன் தலையில் நடுவதையும் இக்கால அறிஞர் பலர் சிகிச்சையெனக் கருதி அனுமதிக்கின்றனர். ஐயமுள்ளவர் உலமாக்களைக் கேட்டுத் தெளியலாம். முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், முழுவதும் மழிக்கலாம், தொப்பி அணியலாம். பெண்கள் இறுக்காமல் தளரப் பின்னி, பூவும் பட்டும் சூடலாம். இருக்கும் முடிக்குச் செய்யும் எதுவும் கண்ணியமே. இல்லாத முடிக்குச் செய்யும் பாடுதான் மனிதனை நாள்தோறும் களைப்பாக்குகின்றது. சீப்பு, இருக்கும் முடியை வாரட்டும். போன முடியை வாருவதற்கு எந்தச் சீப்பும் உலகில் இல்லை.

முடி நிறைந்தவர்களுக்கும் இதில் கடமை உண்டு. 'சொட்டை' என்றும் 'எலிவால்' என்றும் பட்டப்பெயர் சூட்டி மகிழும் வீடுகளை நாம் அறிவோம். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் இழிபெயரால் அழைப்பதையும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் தெளிவாகத் தடுத்திருக்கின்றது. பெண் பார்க்கச் சென்று பின்னலை அளந்துவிட்டு வரும் கண்கள்தாம் சவுரியை விலைக்கு வாங்க வைக்கின்றன. ஏளனம் செய்யும் சமூகம் பொய்யை விளைவிக்கின்றது. பிறகு அந்தப் பொய்யை அதுவே கண்டிக்கின்றது. பரிகாசத்தை நிறுத்தாமல் சவுரியை மட்டும் நிறுத்தச் சொல்வது நீதியாகாது.

யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்ட மாமிக்கு நம் விடை இதுதான்: அம்மா, அவளுக்குத் தெரியும். மணமேடையில் அமரும்போதும், மாமியார் வீட்டில் முதன்முதலாகப் பின்னலை அவிழ்க்கும்போதும் அவளுக்குத் தெரியும். அவளைப் படைத்தவனுக்கும் தெரியும். ஆதலால் சவுரியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். சேலையின் கரைக்கு ஏற்ற நிறத்தில் ஒரு பட்டுக் குஞ்சலம் வாங்குங்கள். அதை அவள் பின்னலில் கட்டும்போது, தன் தோற்றத்தை அழகாக்கியது போல் தன் குணத்தையும் அழகாக்குமாறு இறைவனிடம் இறைஞ்சச் சொல்லிக்கொடுங்கள். அந்த அழகு உதிர்வதில்லை.