கதவைத் திறந்தவர்கள்

மார்மன்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லும் சபையில் பையன்களும் பெண்களும் 18 வயதில் ஊழியத்துக்குப் போகலாம்; பெண்களுக்கு 2025 வரை அது 19. 2012க்கு முன்னால் அது ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 21 ஆக இருந்தது. ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைச் சபை முடிவு செய்யும். சம்பளம் கிடையாது, செலவைப் பெரும்பாலும் அவர்களோ குடும்பமோதான் ஏற்கவேண்டும். காலை ஆறரைக்கு எழுவதும் இரவு பத்தரைக்குப் படுப்பதும் நெடுங்கால வழக்கம். கூடவே எப்போதும் இணையாக ஒருவர் இருப்பார், தனியாக எங்கும் போக முடியாது. காதல், சினிமா எல்லாம் ஒத்திவைப்பு. 2019 வரைக்கும் வீட்டோடு போனில் பேச வருடத்துக்கு இரண்டு நாட்கள்தான்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

என்னோடு சில காலம் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் அப்படிப் பெருவுக்குப் போய் வந்தவர். எதற்கும் பதறமாட்டார். புரொடக்ஷனில் சர்வர் விழுந்து மொத்த டீமும் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் நிதானமாக லாக் படித்துக்கொண்டிருப்பார். "எப்படிங்க?" என்று கேட்டேன். "இரண்டு வருஷம் தினமும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள், அதுக்கு அப்புறம் எதுவும் பெரிசாத் தெரியலை" என்றார். அந்த இரண்டு வருடங்களே தன் வாழ்க்கையில் சிறந்தவை என்றும் சொன்னார். ஊழியம் முடித்துத் திரும்புகிறவர்கள் பலரும் இதையேதான் சொல்வார்கள். எத்தனை பேரைச் சபைக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால் எண்ணிக்கை சிறிதாக இருக்கும். ஆனால் நான் மாறினேன் என்பார்கள்.

எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அந்த வாக்கியம் ரொம்ப நாள் உறுத்தியது. சிறந்த இரண்டு வருடங்கள், சரி. யாருக்கு? லிமாவின் ஏதோ ஒரு தெருவில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவைத் திறந்த பெண்மணிக்கு அது என்ன வருடம்? ஒருவர் தன்னை வளர்த்துக்கொள்வதற்கு இன்னொருவரின் வாசற்படியைப் பயன்படுத்தலாமா?

இது மார்மன்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை. என்எஸ்எஸ் முகாமுக்குப் போய் வந்த மாணவன், ஒரு வருடம் கிராமப் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர், வெள்ள நிவாரணத்துக்குப் போன ஐடி ஊழியர் என எல்லோரும் ஒன்று சொல்வோம்: "நான் கொடுத்ததைவிடப் பெற்றதுதான் அதிகம்." பணிவாகத்தான் சொல்கிறோம். கொஞ்சம் நின்று யோசித்தால் அது ஒரு வரவு செலவுக் கணக்கு. கொடுக்கப் போனவர் லாபத்தோடு திரும்பியிருக்கிறார். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று கான்ட் சொன்னது இந்த இடத்தில் முள்ளாகக் குத்துகிறது.

இந்தக் கேள்வியைப் பரிசோதிக்கப் பசுமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மார்மன்களும் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள்தான். 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் மதராஸில் பிரசங்கம் செய்துவிட்டு மறு வருடமே உடல்நலம் கெட்டுத் திரும்பினார். அவர் வருவதற்கு வெகு முன்பே வேறொரு அமெரிக்க மிஷன் இங்கே வேர்விட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் 1834இல் மதுரையில் தொடங்கிய மிஷன் அது. 1842இல் திருமங்கலத்தில் வில்லியம் ட்ரேசி நடத்தத் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு இடம் மாறியது. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் வழியில், பெயரில் மட்டும் பசுமையும் வெயிலில் வெறும் பாறையுமான அந்தக் குன்றின் அடியில். 1881இல் அங்கே வாஷ்பர்ன் காலத்தில் கல்லூரி வந்தது. 1904இல் அது நகருக்குள் போயிற்று. இன்றைய அமெரிக்கன் கல்லூரி அதுதான்.

வந்தவர்கள் இரண்டு வருடத்தில் திரும்பவில்லை. பலர் பல பத்தாண்டுகள் இருந்தார்கள், சிலர் குழந்தைகளைப் புதைத்தார்கள், சிலர் தாங்களே இந்த மண்ணில் புதைந்தார்கள். பசுமலைக்குச் செமினரி வந்த அதே 1845இல்தான் இந்த மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சல் அவர்களை மலைக்குத் துரத்தியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசுமலையில் படித்த பையனுக்கும் அதே காய்ச்சல்தான், அவனுக்கு மலைவீடு இல்லை. எவ்வளவு காலம் தங்கினாலும், போக இடம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே ஊரில் வாழ்வதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1840களின் பிற்பகுதியில், சாதியை விட்டு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுத்த உபதேசியார்கள் பலரை மிஷன் விலக்கியது. கொள்கை சரியானதே, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உபதேசியாரின் சம்பளம், பிள்ளையின் பள்ளி, ஊரில் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு எல்லாமே மிஷன் கையில் இருந்தன. அவரால் கதவைச் சாத்த முடியாது, ஏனென்றால் கதவே அவர்களுடையது.

இங்கே ஒரு விசித்திரமான முடிச்சு விழுகிறது. ஊழியத்துக்குப் போகும் 19 வயது மார்மன் பையன் ஊருக்கு அதிகமாக எதையும் விட்டுச்செல்வதில்லை. ஆனால் அவனுக்கு அதிகாரமும் இல்லை. "வேணாம் தம்பி, போயிட்டு வா" என்று சொல்லிவிடலாம், யாருடைய சோற்றிலும் மண் விழாது. பசுமலைக்காரர்கள் பள்ளி, கல்லூரி, அச்சகம் என்று நிறைய விட்டுச்சென்றார்கள். ஆனால் அவர்களிடம் மறுப்பது கடினம். குறைவாகக் கொடுப்பவர் நம்மைச் சுதந்திரமாக விடுகிறார், நிறையக் கொடுப்பவரிடம் நாம் கட்டுப்பட்டுப் போகிறோம். எது மேல்? எதுவும் முழுதாக மேல் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? எனக்குப் படுவது இது: வளர்ச்சியிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, நான் திட்டமிட்டு எடுத்துக்கொள்வது. பொறுமை, ஒழுங்கு, மறுப்பைத் தாங்கும் தோல். இதற்கு எதிரில் உள்ளவர் யாராகவும் இருக்கலாம், பெருவோ மதுரையோ ஒன்றுதான். ஜிம்மில் இரும்புக்குப் பெயர் தேவையில்லை. இன்னொன்று, எதிரில் உள்ளவர் என் திட்டத்தையே மாற்றுவது. அதற்கு இந்த ஊர், இந்த மொழி, இந்த மனிதர்தான் வேண்டும்.

ஜான் எஸ். சாண்ட்லரை எடுத்துக்கொள்வோம். மதுரை மிஷனரி ஒருவரின் மகன், தானும் மிஷனரியாக உழைத்தவர். 1913இல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு முதல் பதிப்பாசிரியர் ஆனார், 1922 வரை அந்த வேலையில் இருந்தார். மு. இராகவையங்கார் போன்ற பண்டிதர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பொருள் எழுதும் வேலை. தன் சொல்லைத் தமிழர்களிடம் சேர்க்க வந்த மரபில் பிறந்தவர், தமிழர்களின் சொற்களை அவர்களுக்கே சேர்த்துவைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த அகராதியைச் சைவரும் நாத்திகரும் ஒன்றுபோலப் புரட்டுகிறார்கள். மதம் மாற மறுத்தவருக்கும் பயன்படும் ஒன்று மிச்சமாகிறது என்றால், அங்கே வளர்ச்சி ஒருவழியாக நடக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, எல்லோரும் அகராதி எழுத முடியுமா? முடியாது. இரண்டு வருடம் போய்வரும் பையன் என்ன செய்வான்? அதற்கும் பசுமலைப் பக்கத்திலேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன். திருப்பரங்குன்றத்துக் குகையில் துறவிகளின் கற்படுக்கைகள் உண்டு. ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழ்ப் பிராமி எழுத்தில் அங்கே ஒரு கொடையைப் பொறித்திருக்கிறார்கள். எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவரின் கொடை. அவர் துறவி இல்லை, வீடும் வேலையும் உள்ள மனிதர். அந்தப் பாறையில் யார் யார் படுத்துத் தவம் செய்து என்னவாக உயர்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. படுக்க இடம் கொடுத்தவரின் பெயர் நிற்கிறது.

துறவியும் வாசலுக்கு வந்தவர்தான், அவருடைய வளர்ச்சியும் அடுத்தவர் சோற்றில்தான் நடந்தது. ஆனால் அவர் கொடுப்பவராக வரவில்லை, கேட்பவராக வந்தார். அவர் உயர்வதற்கு ஒரு கைப்பிடி சோறு போடுகிறோம் என்று அரிசி போட்ட பெண்ணுக்கும் தெரியும், ஏந்தியவருக்கும் தெரியும். அதில் ஏமாற்று இல்லை. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதில் குழப்பம் வருவதில்லை.

ஆக, அடுத்தவர் வாசலில் வளர்வது தவறில்லை. வேறு எங்கேயும் யாரும் வளர்ந்ததில்லை. வளர்ந்ததை என் தியாகத்தின் பலன் என்று சொல்லும்போதுதான் கணக்கு தப்பாகிறது. செஞ்சோற்றுக்கடன் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, அதைக் கர்ணனோடு நிறுத்திவிட்டோம். முகாமுக்கும் களப்பணிக்கும் ஊழியத்துக்கும் அது பொருந்தும்.

என் நண்பரிடம் ஒருநாள் கேட்டேன்: "கதவு திறந்தவர்களில் யார் பேராவது ஞாபகம் இருக்கா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வரிசையாகப் பதினோரு பேர் சொன்னார். அதில் ஒருவர்கூடச் சபையில் சேரவில்லையாம். அந்தப் பட்டியலைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. சிறந்த இரண்டு வருடங்கள் என்று சொன்னபோது இல்லாத ஒன்று அப்போது அவர் முகத்தில் இருந்தது.