காமன் பொட்டலில் பார்வையாளர்

ஒரு சமயச் சடங்கை அந்தச் சமயத்தைச் சாராத பயணி பார்க்கும்போது அவருக்குக் கிடைப்பது என்ன, அவர் வந்து நிற்பதால் சடங்குக்கு ஏதாவது நேர்கிறதா என்ற கேள்வி இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஏட்டளவில் நிற்பதில்லை. 1921இல் கட்டி முடிந்த தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தையும், தம்பேதென்னைத் தோட்டத்துக்கு மேலுள்ள லிப்டன் சீட்டையும் பார்க்க வருகிறவர்கள் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களையும் மாரியம்மன் கோயில்களையும் கடந்துதான் போகிறார்கள். தப்புச் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள். தாங்கள் கண்டதை மறக்க முடியாத அனுபவம் என்று ஊர் திரும்பிச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது உண்மைதான். அந்த அனுபவம் சமய அனுபவமா என்பதே கேள்வி.

இதை ஆராய மலையகத்தில் காமன் கூத்தைவிடப் பொருத்தமானது இல்லை. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று தோட்டங்களில் வழங்கும் மூன்று பெருங்கூத்துகளில் இது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறியவர்களுக்குக் கையில் கொண்டுவரப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. கதையும் பாட்டும் நேர்த்தியும் இருந்தன.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று முதல் அந்தப் பொட்டல் வெறும் மைதானம் இல்லை, கோயில். ரதி, மன்மதன் வேடம் ஏற்கிறவர்கள் காப்புக் கட்டி விரதம் பிடிப்பார்கள். ரதியாக ஆடுவதும் ஆண்தான். கூத்து வாத்தியார் சொல்லிக்கொடுக்க, பகலில் மலையில் வேலை செய்தவர்கள் இரவில் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். கடைசி இரவு விடியும்வரை ஆட்டம். சிவனுடைய தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். தான் கண்ட கெட்ட கனவுகளைச் சொல்லி, போகவேண்டாமென்று ரதி மறிக்கிறாள். அவன் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, காமன் எரிகிறான். பிறகு ரதியின் ஒப்பாரி. எரிந்தவனை உயிர்ப்பிக்கும் சடங்கு அதற்குப் பின் தனியாக நடக்கும்.

அந்த ஒப்பாரியில் சுற்றி நிற்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். மேலே இருப்பவர்களின் ஆணையை மறுக்க வழியில்லாமல் ஒருவன் புறப்படுவதும், பெண் வாசலில் நின்று தடுப்பதும், தடுத்தும் பயனில்லாமல் போவதும் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புராணச் செய்தி மட்டும் ஆகாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே லயத்தில் பிறந்த உறவுகளை இரண்டு நாடுகளுக்குப் பங்கு வைத்தது. ரதியின் அழுகையில் இந்த வரலாறும் கலந்திருக்கிறது. அருகில் நிற்கும் பயணிக்கோ வேண்டுதல் இல்லை, காப்பு இல்லை, இப்படி ஓர் இழப்பும் இல்லை.

இந்திய மரபில் அவரைப் பற்றி இரண்டு விடைகள் சொல்ல முடியும். 1000ஆம் ஆண்டை ஒட்டிக் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில் சுவையை உணர்பவனாக ரசிகனையே முன்னிறுத்துகிறார். அரங்கில் காணும் துயரம் பார்ப்பவனுடையதும் இல்லை, பிறனுடையதும் இல்லை. இன்னார் துயரம் என்ற ஒட்டு நீங்கியது. அந்நேரம் 'நான்' என்பது ஒதுங்கிவிடுவதால் அந்தச் சுவை பிரம்மத்தை உணர்வதற்கு நெருங்கியது என்பது அவர் கருத்து. இதன்படி பார்த்தால், மொழி தெரியாமலே ரதிக்காக நெஞ்சு கலங்கிய பயணி பெறவேண்டியதைப் பெற்றுவிட்டார். பெருமனம் கொண்ட விடை இது. ஆனாலும் பொட்டலுக்கு இது போதாது. அரங்கச் சுவை ஆட்டத்தோடு முடிகிறது. காப்புக் கட்டியவரின் கடப்பாடு அவர் வேடத்தைக் கலைத்த பிறகும் நிற்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த சைவ சித்தாந்தம் வேறிடத்தில் தொடங்குகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பது அதன் அடிப்படை. மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் நிற்கும். நூலின் கடைசிச் சூத்திரம் அடியாரோடு கூடியிருப்பதையும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழுவதையும் சொல்லி முடிகிறது. இங்கே கேட்கப்படுவது பார்த்தாயா என்பதில்லை, யாரோடு இருந்தாய் என்பது. பயணிக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது; ஆனால் நுழைய வேண்டுமானால் தள்ளி நிற்கும் வசதியை அவர் விடவேண்டும்.

தென் ஐரோப்பாவிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து வருகிறவருக்கு அங்குள்ள யாத்திரிகர் அலுவலகம் லத்தீன் மொழியில் ஒரு சான்றிதழ் தரும். தருமுன் எதற்காக நடந்தாய் என்று கேட்கும். சமய நோக்கோ ஆன்மிகத் தேடலோ இல்லை என்றால் கொடுப்பது வேறொரு தாள். நோக்கத்தைக் கேட்பது சரிதான்; ஆனால் நடக்கும்போதே நோக்கம் மாறக்கூடும் என்பதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. வட கிரேக்கத்தின் அயா எலெனி ஊரில் மே 21ஆம் தேதி, புனித கொன்ஸ்தாந்தீன், புனித எலெனி திருநாளில் திருவுருவங்களை ஏந்தித் தீ மிதிப்பவர்களின் நிலை காமன் கூத்தாடிகளுக்கு இன்னும் நெருக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குத் திரேஸிலிருந்து அகதிகளாகப் பெயர்ந்தபோது அந்தத் திருவுருவங்களைக் கூடவே எடுத்து வந்தவர்கள் அவர்கள். திருச்சபை அச்சடங்கைப் புறச்சமயம் என்று கண்டித்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் கூடுகிறார்கள். கண்டனத்தைத் தாங்கிய சடங்கு கூட்டத்தையும் தாங்குகிறது. தணல் பார்வையாளருக்காக மூட்டப்படாதவரை தாங்கும்.

ஊவாவுக்குள்ளேயே கதிர்காமம் இந்தக் கேள்வியின் மையத்தைத் தொடுகிறது. அங்கே மூலஸ்தானத்தைத் திரை மறைத்திருக்கிறது. உற்சவத்தில் யானைமேல் வருவதும் மூடிய பேழையே. உள்ளிருக்கும் யந்திரத்தை யாரும் காண்பதில்லை. பதுளைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவரும், கிழக்குக் கரையிலிருந்து குமண, யால காடுகளைக் கடந்து பாதயாத்திரையாக வருகிறவரும் அந்தத் திரை முன்புதான் அரோகரா சொல்கிறார்கள். பக்தருக்கே காட்சி இல்லாத சந்நிதி அது. அங்கே பயணி குறைவாகப் பார்த்தார், பக்தர் அதிகம் பார்த்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாணிக்க கங்கையில் முழுகி, உபவாசம் இருந்து, காவடி தூக்கி வந்தவர் தன்னைக் கொடுத்திருக்கிறார். வேறுபாடு அதில் இருக்கிறது.

ஆகவே, நம்பிக்கை இல்லாத காரணத்தால் ஒருவர் சடங்குக்கு வெளியே நிற்பதில்லை. எதையும் கொடுக்காமல், தனக்கு வசதியான நேரத்தில் வந்து வசதியான நேரத்தில் போகிறவர்தான் வெளியே நிற்கிறார். நேரம், தூக்கம், பசி, பேசாதிருத்தல் ஆகியவையும் காணிக்கைதான். வேற்றுச் சமயத்தவரும் நாத்திகரும் அவற்றைக் கொடுக்கலாம். இதே காரணத்தால், பயணிகளின் அட்டவணைக்கு ஏற்ப விரதமும் கம்பமும் மாசி மாதமும் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடப்படும் கூத்து, நல்ல கலை நிகழ்ச்சியாக இருந்தாலும், காமன் கூத்து ஆகாது. அதைக் காட்டித் தோட்டத்து மக்களின் சமயத்தைக் காட்டிவிட்டதாகச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மாசியில் பதுளைப் பக்கம் வருகிறவர்கள் முதலில் கோயில் தலைவரிடமோ கூத்து வாத்தியாரிடமோ அனுமதி கேட்க வேண்டும். காப்புக் கட்டியவரின் முகத்தில் கெமரா வெளிச்சம் அடிக்கக் கூடாது. வந்தால் காமன் எரியும்வரை, ரதி அழுது முடிக்கும்வரை இருக்க வேண்டும்.