விலை போகாத ஆண்டில் ஒரு மகிழ்ச்சி ஞாயிறு



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு இன்று. ஊதா உடையை மாற்றி ரோஜா நிற உடை அணிந்து பீடத்துக்கு வந்திருக்கிறேன். திருவருகை வளையத்திலும் ரோஜா நிற மெழுகுதிரி எரிகிறது. மகிழுங்கள் என்று திருச்சபை நம்மிடம் சொல்லும் நாள் இது. ஆனால் இந்த 2025-ஆம் ஆண்டில், சித்தூர் மண்ணில் நின்றுகொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

ஆனி மாதத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோத்தாபுரி மாமரங்கள் கிளை தாங்காமல் காய்த்திருந்தன. கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் நாள்கணக்கில் வரிசை பிடித்து நின்றன. நின்ற வண்டியிலேயே பழம் அழுகியது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. மனம் வெறுத்துச் சாலையில் கொட்டியவர்களும் உண்டு. ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக கிலோவுக்கு 12 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். அந்த 8 ரூபாயைக் கண்ணால் பார்க்கவில்லை என்ற ஆதங்கம் ஊர் ஊராகக் கேட்டது. மழை பொய்த்தால் வானத்தைப் பார்த்து அழலாம். விளைந்தும் விலை இல்லாமல் போனால் யாரைப் பார்த்து அழுவது?

நம் மாவட்டத்துப் பழத்துக்கு வழி வேண்டும் என்று கர்நாடகப் பக்கத்துத் தோத்தாபுரியை எல்லையிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பழத்தை நட்டு வளர்த்தவனும் நம்மைப் போலக் கடன்பட்டவன்தான். நம் செபத்தில் அவன் வீட்டு அடுப்புக்கும் இடம் இருக்கட்டும்.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வாருங்கள். திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். சாக்கடலுக்குக் கிழக்கே, மக்கேரு என்ற கோட்டையில் அவர் அடைபட்டிருந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருக்கிறார். ஆற்றங்கரையில் நின்று, இதோ கடவுளின் ஆட்டுக்குட்டி என்று ஊருக்கே கைகாட்டியவர், இருட்டறையிலிருந்து தம் சீடர்களை அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காக நாங்கள் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். அதுவும் மகிழ்ச்சி ஞாயிறன்று வாசிக்கும் நற்செய்தியில்!

இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அன்பார்ந்தவர்களே. உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. சீடர்கள் திரும்பிய பிறகு கூட்டத்தின் முன்னால் யோவானை அவர் புகழ்ந்த அளவுக்கு வேறு யாரையும் புகழ்ந்ததில்லை. ஆகவே, மனக்குமுறலோடு கோயிலுக்கு வருகிறவர்களைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லு, அழாதே என்று வாயை அடைக்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அப்படி அடைத்தால் அது பக்தி ஆகாது. அழுகிறவரின் பக்கத்தில் உட்காரத் தெரியாத நம் குறையைத்தான் அது காட்டுகிறது.

அபக்கூக்கு இறைவாக்கினரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய நூலே முறையீட்டில்தான் தொடங்குகிறது. கடைசி அதிகாரத்தில் அவர் ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்கிறார்: அத்தி துளிர்க்கவில்லை, திராட்சையில் பழம் இல்லை, ஒலிவம் ஏமாற்றிவிட்டது, வயல் விளையவில்லை, பட்டியில் ஆடில்லை, தொழுவத்தில் மாடில்லை. இத்தனையையும் வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் ஆண்டவரில் மகிழ்வேன் என்கிறார். அவருடைய மகிழ்ச்சி இழப்பை மறைத்து வைத்த மகிழ்ச்சி அல்ல. போனதை எல்லாம் கணக்கில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகும் போகாமல் நிற்கும் ஒருவரைப் பற்றிக்கொண்ட மகிழ்ச்சி.

சரி, யோவானுக்கு இயேசு என்ன பதில் அனுப்பினார்? விளக்கம் எதுவும் அனுப்பவில்லை. நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். யாரோ ஒரு பார்வையற்றவர் பார்க்கிறார், எங்கோ ஒரு கால் ஊனமுற்றவர் நடக்கிறார், ஏழைக்கு நல்ல செய்தி போய்ச் சேர்கிறது. சிறைக்கதவு திறக்கவில்லை. ஆனாலும் வெளியே கடவுள் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி உள்ளே போனது. நன்றி என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கண்ணால் கண்டதை, இருட்டில் இருக்கிற ஒருவருக்குச் சாட்சியாகக் கொண்டுபோய்ச் சொல்வது. மாந்தோப்பு கைவிட்ட மாதங்களில் எத்தனை வீடுகளில் பால் காசுதான் அடுப்பை எரியவைத்தது! விடியுமுன் எழுந்து பால் கறந்து கொண்டுபோய் ஊற்றிய தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். அதைக் கண்டும் நாம் வாய்திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

நன்றியை நம் அயலாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். புரட்டாசியில் மஞ்சள் துணி உடுத்தி, தமிழ்நாட்டிலிருந்து நம் சாலைகள் வழியே திருப்பதிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கிறோம். அலிப்பிரியிலிருந்து மலைக்கு 3,550 படிகள். முழங்கால் வலியோடு ஏறும் பாட்டிமார் அவர்களில் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்ந்தது, மகளுக்கு வரன் அமைந்தது என்று நேர்ந்துகொண்டதை, வருடம் கடந்தும் மறக்காமல் வந்து செலுத்துகிறார்கள். அவர்கள் வழிபாடு வேறு, நம்முடையது வேறு. ஆனால் பெற்றுக்கொண்ட நன்மைக்காகக் கால் நோக நடக்கிறார்களே, அந்த நன்றியின் முன் நான் தலைவணங்குகிறேன். நாமும் இந்த ஆண்டு பயணிகள்தான். 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறந்து யூபிலியைத் தொடங்கிவைத்தார்; அந்த யூபிலிக்காக எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று நமக்குப் பெயர் கொடுத்தார். அவர் இன்று நம்மோடு இல்லை. அவர் கொடுத்த பெயர் நம்மிடம் இருக்கிறது.

எதிர்நோக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். முன்பு நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் இருக்கிறது. பல மிஷன் சபைகள் ஒன்றுசேர்ந்து காசநோயாளிகளுக்காக எழுப்பிய மருத்துவமனை அது. டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர் ஃபிரிமோட்-மோல்லர் அதை வழிநடத்தினார். காசநோயைக் குணமாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நெடிய ஆண்டுகளில் மருத்துவர்கள் கையில் உறுதியான மருந்து எதுவும் இல்லை. நல்ல காற்று, சத்தான உணவு, ஓய்வு, இவைதான் பெரும்பாலும். பலர் பிழைக்கவில்லை. ஆனாலும் காலையில் படுக்கை விரிப்பை மாற்றினார்கள், சோறு ஊட்டினார்கள், காய்ச்சலைக் குறித்து வைத்தார்கள். மருந்து வரும்வரை மனிதரைக் கைவிடாமல் காத்தார்கள். எதிர்நோக்கு என்பது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

முன்மழையும் பின்மழையும் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும் பயிரிடுபவரை இன்றைய இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு நமக்குக் காட்டுகிறார். அந்தப் பயிரிடுபவர் கைகட்டி உட்கார்ந்து காத்திருக்கவில்லை. ஆனியில் பழத்தைக் கொட்டிய அதே விவசாயி, பிறகு காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்தார், மரத்தடியைக் கொத்திவிட்டார், எரு வைத்தார். இனி மார்கழி, தை மாதங்களில் மா பூக்கும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூக்கள். நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாகத் தேறாது. அது தெரிந்தும் அவர் தண்ணீர் கட்டுகிறார். அவரைப் பார்த்துத்தான் குருக்களாகிய நாங்கள் மறையுரை ஆற்றக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி வேதம்தான் சொன்னவனாவேன். இன்றைய இரண்டாம் வாசகம் யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் தொடங்குகிறது. வீட்டுக்குப் போய் அதற்கு முந்தைய ஆறு வசனங்களையும் வாசியுங்கள். வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அது ஆண்டவரின் செவியை எட்டிவிட்டது என்றும் யாக்கோபு அங்கே எச்சரிக்கிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான் ஏழைகளைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார். நியாயத்தைக் கேட்காமல் பொறுமையை மட்டும் கேட்பது வேதம் அல்ல.

அதனால் இந்த வாரத்துக்கு இரண்டு காரியங்கள் கேட்கிறேன். இரவுக் குடும்ப செபத்தில், செபமாலைக்கு முன், வீட்டில் ஒவ்வொருவரும் அன்று கண்ட ஒரு நன்மையைச் சொல்லுங்கள். குழந்தைகள் முதலில் சொல்லட்டும். ஒரு வேதனை இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், யாரும் குறுக்கிட வேண்டாம். இரண்டாவது, தோப்பு வைத்திருப்பவர்களுக்கு. உங்களுக்கு வரவேண்டிய பணம் இன்னும் வராமல் இருக்கலாம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் பறித்தவர்களுக்கும் சுமந்தவர்களுக்கும் கூலி பாக்கி இருந்தால் கிறிஸ்து பிறப்புக்கு முன் கொடுத்துவிடுங்கள். முழுதும் முடியாவிட்டால் முடிந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நீங்களே போங்கள்.

எழுந்து நிற்போம். நம் விசுவாசத்தை ஒரே குரலில் அறிக்கையிடுவோம்.